பீரோவுக்குப் பின்னால் நான்கு பேர்

என் அக்காவுக்கு பீரோ என்று பெயர் வைத்தது எங்கள் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டார். தண்ணீரில் ஊறிய படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒற்றை ஆளாக இழுத்து வண்டியில் போட்டாள். தோள் அகலம், முதுகு அகலம், மணிக்கட்டுகூட அவளுக்கு அகலம்தான். “பீரோ வருது, கதவ நல்லாத் திறங்கப்பா” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், அதனால் அதில் தப்பில்லை என்று இருபத்திரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் அவளுடைய தங்கை. எட்டு வயது சின்னவள். அவள் சேர்ந்த அதே மாதத்தில் அங்கே சேர்ந்து, அவள் மடிக்கும் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தே இத்தனை வருடத்தை ஓட்டியவள். குடியிருப்பதும் அவள் வீட்டு மாடி அறையில்தான். அவளைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் இப்போது ஆகாது. அவளைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது ஆளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் என்று பார்த்தால் கூரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை, அதில் மேலே நடந்து போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. துவைத்து, பிழிந்து, சூடான உருளைக்குள் விட்டு எடுத்தால் தகடு மாதிரி வரும். அதை எதிரெதிரே நின்று இரண்டு பேர் மடிக்க வேண்டும். மூலையோடு மூலை சேர்த்து, நாலடி முன்னால் நடந்து வந்து கையில் கொடுத்து, குனிந்து மடிப்பைப் பிடித்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை அக்காவின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்க்கிறேன். கட்டிய கணவர்கூட அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்.

ஓட்டம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. காலை ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். வேலையோ ஆறே காலுக்கு. சூப்பர்வைசர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். ஒருநாள் பஸ்ஸை விட்டவள், கடற்கரைச் சாலையில் ஆறு கிலோமீட்டரை ஓடியே வந்து, நேரத்துக்கு முன்னால் வருகை அட்டையைச் செருகிவிட்டு, சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளை அவர் அப்படியே விழுங்க வேண்டியதாயிற்று. அந்தச் சுகம் அவளுக்குப் பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து பஸ்ஸை மறந்துவிட்டாள்.

சில வருடம் கழித்து சூப்பர்வைசருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அப்போதுதான் தனக்கும் இரண்டு கால் இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. நடப்பவர் சும்மா நடக்க வேண்டியதுதானே? ஒரு குழு அமைத்தார், அதற்குத் தலைவரும் ஆனார். அவர், துணி மூட்டைகளை ஏற்றிப் போகும் வேன்காரர், மேல்மாடியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், அக்கா, நான் என்று ஐந்து பேர். நான் சேர்ந்ததற்கு ஒரே காரணம் அக்கா சேர்ந்தாள் என்பது. எனக்கென்று சொந்தமாக ஒரு ஆசை வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒரு மாரத்தான் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், முழுக்கக் கடலோரம். காலை ஆறு மணிக்குத் துறைமுகத்திலிருந்து தெற்கே கிளம்பி, கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வடக்கே வர வேண்டும். போகும்போது காற்று முதுகைத் தள்ளும். ஆகா, நாம் எவ்வளவு நன்றாக ஓடுகிறோம் என்று ஒவ்வொரு முட்டாளும் நினைப்பான். திரும்பிய பிறகுதான் தெரியும். குளிர்காலத்தில் எங்கள் கடற்காற்றுக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது. மணலையும் உப்பையும் அள்ளி வந்து முகத்தில் அடிக்கும். தொப்பியைப் பிடுங்கும். வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் நறநறவென்கும். முப்பத்து நாலாவது கிலோமீட்டரில் ஒரு பாலம் உண்டு. லாரிகளுக்கு வழி விட வேண்டும் என்பதால் பதினொரு மணிக்கு அதில் தடுப்பைப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் பாலத்தைத் தாண்டியவர்கள் நடந்தாவது பந்தயத்தை முடித்துவிடலாம். தாண்டாதவர்களை ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றி, போர்வை கொடுத்து, ஊர் பார்க்கக் கூட்டி வருவார்கள்.

எதிர்காற்றில் ஓட ஒரு வழி இருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் இருப்பவரின் குதிகாலைப் பார்த்தபடி, ஒட்டி ஓட வேண்டும். முன்னால் ஓடுகிறவர் காற்றைத் தாங்குவார், பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி உழைப்பு மிச்சம். எங்கள் பயிற்சியில் முன்னால் யார் என்ற கேள்வியே வந்ததில்லை. “பீரோ போகட்டும், நமக்கு வெயிலும் படாது காத்தும் படாது” என்பார் சூப்பர்வைசர். ஐந்து ஆறு கிலோமீட்டர்தானே என்று அவளும் போவாள். ஆனால் பந்தயத்தில் எதிர்காற்று மட்டும் பதினோரு கிலோமீட்டர். கலங்கரை விளக்கத்திலிருந்து பழைய கிடங்குகள் வரை ஒரு மறைப்பும் கிடையாது. யாராலும் தனியாகத் தாங்க முடியாது என்று எக்ஸ்ரேக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

ஆகவே போன வருடப் பந்தயத்துக்கு முந்தின நாள், மடிக்கும் மேஜையைச் சுற்றி நின்று ஒரு விதி செய்தோம். ஆளுக்கு ஒரு கிலோமீட்டர். முடிந்ததும் முன்னால் இருப்பவர் “மாறு!” என்று கத்தி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், இரண்டாவது ஆள் முன்னேற வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் கண்ணில் மணல் விழும், வரிசை குலையும். முதலில் அக்கா, அடுத்தது நான்.

நடந்தது என்னவென்று ஊருக்கு நாங்கள் சொன்ன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா “மாறு” என்று கூப்பிட்டாள். காற்றின் இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து அவள் குதிகாலையே பார்த்து ஓடியதால் எத்தனை கிலோமீட்டர் ஆனது என்றும் தெரியவில்லை. கிடங்குகளின் மறைவுக்கு வந்ததும் காற்று நின்றது. எங்களுக்குக் காலில் தெம்பு இருந்தது, நான்கு பேரும் அவளைத் தாண்டி ஓடினோம். பத்து ஐம்பத்தைந்துக்குப் பாலத்தைக் கடந்தோம். பதினோரு கிலோமீட்டரையும் தனியாகத் தாங்கிய அக்கா, கடைசி இரண்டு கிலோமீட்டரை நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபோது பதினொன்று ஒன்று. அவள் கண் முன்னால்தான் தடுப்பை இழுத்தார்களாம். கெஞ்சவில்லை. பஸ்ஸில் ஏறி, கொடுத்த போர்வையை மூலையோடு மூலை சேர்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“அடப்பாவமே, கூப்பிட்டியா? காத்துல ஒண்ணும் கேக்கலக்கா” என்றேன் நான். “பரவால்ல விடு. பேய்க்காத்து, எப்படிக் கேக்கும்?” என்றாள் அவள். அப்படியே நம்பினாள். அதற்குக் காரணம் இருந்தது. முன்னால் ஓடுகிறவளுக்குக் காதுக்குள் காற்று இரைந்துகொண்டே இருக்கும், பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. அவள் எப்போதும் முன்னால் மட்டுமே ஓடியவள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் எங்கள் படம் போட்டார்கள். நான்கு பேர் பதக்கத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் அக்கா, எங்கள் நான்கு பேரின் மேல்சட்டைகளையும் கையில் அள்ளிக்கொண்டு. மதியம் கை கழுவப் போகும் வழியில்தான் அந்தப் பலகை. அவள் ஒரு வருடம் அதைக் கடந்து போய்க் கை கழுவினாள்.

இந்த வருடம் மழைக்காலம் முடியும்போது அவளுடைய வலது முழங்கால் வீங்கியது. எக்ஸ்ரேக்காரர் படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “எலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு தேஞ்சுபோச்சு. இந்த ஒரு பந்தயம் வேணும்னா ஓடுங்க. அதோட ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுடுங்க” என்றார். அக்கா அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். “எல்லாரும் கல்யாணப் படம் மாட்டுவாங்க, இவ முழங்காலை மாட்டுறா” என்றார் மாமா, அதாவது அக்காவின் கணவர். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார், நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து வீட்டிலும் பேசுவார். அவள் சிரிக்கவில்லை. “இந்தத் தடவ முடிச்சே ஆகணும்” என்றாள். பாலத்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல காற்று. முழங்காலைப் பார்த்து, எக்ஸ்ரேக்காரர் அவளை வரிசையின் கடைசியில் ஓடச் சொன்னார். அத்தனை வருடத்தில் அவள் கடைசியில் ஓடியது அன்றுதான் முதல் தடவை. முன்னால் சூப்பர்வைசர், அப்புறம் வேன்காரர், எக்ஸ்ரேக்காரர், நான், அக்கா.

சூப்பர்வைசர் எதிர்காற்றுக்குப் புதியவர். தன் குரல் தனக்கே கேட்காததால் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, மனிதர் ஓடிக்கொண்டே மனதில் இருப்பதையெல்லாம் கொட்டத் தொடங்கினார். “மூணு மாசம் ஆச்சு... மாமியார் கிளம்புற மாதிரியே தெரியல... என் நாற்காலியிலதான் உக்காருது... என் தலையணையக்கூட விட்டுவைக்கல...” ஒவ்வொரு வார்த்தையும் காற்றோடு வந்து எங்கள் காதில் விழுந்தது. வேன்காரரின் தோள் குலுங்கியது. எக்ஸ்ரேக்காரர் வாயைப் பொத்தினார். “குறட்டை வேற... கிழவிக்குக் குறட்டைய பாரு...” என்று வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். எனக்குப் பின்னால் அக்காவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுடைய காலடிச் சத்தமும் இல்லை என்று கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன். நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்ன யோசிக்கிறாள் என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மற்றவர்களும் நின்று, திரும்பி வந்தார்கள். அவள் எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தாள்.

“அஞ்சாவது ஆளா இருந்த எனக்கே அவர் மாமியார் குறட்டை வரைக்கும் கேக்குது.”

சூப்பர்வைசர் முகத்தில் அசடு வழிந்தது, தன் மாமியாரைப் பற்றித்தான் பேச்சு என்று பாவம் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் நான் எத்தனை தடவ கூப்பிட்டேன்?”

“அக்கா, அன்னைக்கு காத்து வேற மாதிரி...”

“எத்தனை தடவ?”

எக்ஸ்ரேக்காரர் கடலைப் பார்த்தார். வேன்காரர் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். “இப்ப எதுக்கும்மா பழசையெல்லாம் கிளறிக்கிட்டு? எல்லாரும் ஒரே குழு” என்றார் சூப்பர்வைசர்.

“ஒரே குழு” என்றாள் அக்கா. “என் முதுகு, உங்க நாலு பேரு பதக்கம். நல்ல குழு சார்.” அதோடு காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தனியாக ஓடிப் போனாள்.

மூன்று தடவை. இருபத்திரண்டாவது கிலோமீட்டர் பலகையில் ஒன்று, இருபத்து மூன்றில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று. காதுக்குள் வாயை வைத்துச் சொன்ன மாதிரி கேட்டது. இடப்பக்கம் ஒதுங்கவும் செய்தாள். நானும் கூடவே ஒதுங்கி அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் மூன்று பேரும் ஒதுங்கினார்கள். முன்னால் போயிருக்க வேண்டியவள் நான். நான் போகாததால் அவர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. பந்தயம் முடிந்த பிறகு நாங்கள் நான்கு பேரும் கூடிப் பேசி ஒரு பொய்யை முடிவு செய்யவில்லை. நான் “கேக்கல” என்றேன், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அன்றிலிருந்து வீடு நரகம். அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதுவாக இருந்தாலும் மாமா மூலம்தான். ஏணியடியில் நின்று மாடியைப் பார்த்துக் கத்துவார். “உங்க அக்கா சொல்றா, உன் துணிய அவ கொடியில காயப் போடக்கூடாதாம்.” நான் பதில் சொன்னால் உள்ளே போவார், திரும்ப வருவார். “அவ இன்னும் ஒண்ணு சொன்னா. அதை நான் சொல்ல மாட்டேன், எனக்கே வாய் கூசுது.” இரண்டாவது வாரம் மனிதருக்கே சலித்துவிட்டது. “ரெண்டு பேரும் ஒரு நாள் நல்லா முடியப் பிடிச்சுக்கிட்டு சண்ட போட்டு முடிச்சிருங்க. வெட்டி விடுறதுக்கு நான் இருக்கேன்” என்றார்.

ஆனால் சண்டை போட அவள் வரவில்லை. வேலையில் விரிப்பு மட்டும் மடித்தாக வேண்டுமே! மூலையோடு மூலை சேர்த்து, நடந்து வந்து, ஒரு சாண் தூரத்தில் முகத்துக்கு முகம் நின்று, விரலோடு விரல் படக் கொடுத்து வாங்க வேண்டும். அவள் என் நெற்றிக்கு மேலே எங்கோ பார்ப்பாள். விரிப்பை அவள் சுண்டி இழுக்கிற இழுப்பில் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். ஒரு நாளைக்கு அறுநூறு இழுப்பு. எனக்கும் கோபம் வந்தது. ஒரு தப்புதானே செய்தேன், கொலையா செய்தேன் என்று கோபம். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் உருளையின் சத்தத்தை அவள் கூட்டி வைப்பாள். இவளுக்கு அவ்வளவு கொழுப்பா, போகட்டும் என்று நானும் இழுத்தேன். அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரி நோயாளிகள் சுருக்கமே இல்லாத விரிப்பில் படுத்தார்கள்.

குழுவும் நாறிப்போனது. அவள் இல்லாமல் எதிர்காற்றில் யார் முன்னால் போவது என்று நான்கு பேரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தோம். வேன்காரருக்கு முதுகுப் பிடிப்பு, எக்ஸ்ரேக்காரருக்குக் கண்ணில் தூசி, சூப்பர்வைசருக்குத் தலைவர் என்ற முறையில் நடுவில் இருக்க வேண்டிய கடமை. கடைசியில் அவர் சலவைக்கூடத்துக்கு வந்து அக்காவிடம் குழைந்தார். “இந்த ஒரு தடவ முன்னாடி வந்துடும்மா. இந்தத் தடவ கண்டிப்பா மாறுவோம்.”

“பீரோவ நகர்த்தியாச்சு சார்” என்றாள் அக்கா. “சுவத்துல போய் ஒட்டிக்குங்க.”

பந்தயத்தன்று காற்று போன வருடத்தைவிட மோசம். கிளம்பும் இடத்தில் வைத்திருந்த வளைவைச் சாய்த்துப்போட்டிருந்தது. அக்கா முகத்தில் வாசலைன் தடவி, நெற்றியை மூடிக் குல்லாய் போட்டு, எங்களுக்கு நூறடி தள்ளி நின்றாள். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தது. நான் பார்ப்பது தெரிந்து திரும்பி நின்றுகொண்டாள்.

கலங்கரை விளக்கம் வரை காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. திரும்பியதும், எதிர்பார்த்தபடி நான்கு பேரும் வேகத்தைக் குறைத்தோம். யாரும் முன்னால் போவதாக இல்லை. நான்கு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிய முயன்றால் எப்படி ஓட முடியும்? கிட்டத்தட்ட பின்னோக்கி நடந்தோம். தூரத்தில் அக்காவின் முதுகு தெரிந்தது. தனியாக, தலையைக் குனிந்து, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தாள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் போகிற வேகத்தில் பதினொரு மணிக்குப் பாலம் கிடைக்காது. ஐந்து நிமிடமாவது பிந்தும். எனக்கே தெரிகிறது என்றால் அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு ஓடினேன். அவளை எட்டிப் பிடிக்க இருபத்தாறாவது கிலோமீட்டர் ஆகிவிட்டது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஒன்றும் சொல்லாமல் அவளைத் தாண்டி அவளுக்கு முன்னால் போய் நின்றேன், அதாவது அவளுடைய காற்றில் ஓடத் தொடங்கினேன்.

காலை வெயில் எங்கள் முதுகுப்பக்கம் சாய்வாக அடித்தது. எங்கள் நிழல்கள் முன்னால் சாலையில் நீளமாக விழுந்தன. என் நிழலுக்குப் பின்னாலிருந்து அவளுடைய அகலமான நிழல் விலகி வலப்பக்கம் போவதைப் பார்த்தேன். என் மறைவில் ஓட அவளுக்கு இஷ்டம் இல்லை. செத்தாலும் காற்றிலேயே சாகிறேன் என்கிறாள். நானும் வலப்பக்கம் போனேன். நிழல் இடப்பக்கம் போனது. நானும் போனேன். பார்த்தவர்கள் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் ஓடுகிறவள் திரும்பக் கூடாது. எனக்கு ஒன்று தெரியும், நான் என்ன சொன்னாலும் அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும். அவள் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது. உருளைச் சத்தமும் இங்கே இல்லை. கோழைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பேசத் தொடங்கினேன்.

“மூணு தடவையும் கேட்டுச்சுக்கா. இருபத்திரண்டுல, இருபத்தி மூணுல, இருபத்தஞ்சுல. நல்லாக் கேட்டுச்சு.”

மணல் வாயில் புகுந்தது. துப்பினேன்.

“என் முறைதான். எனக்கு மூச்சு வாங்கல, கால் வலிக்கல. உன் பின்னாடி ஓடுறது சுகமா இருந்துச்சு. அவ்ளோதான் காரணம். வேற காரணம் இருந்தா நல்லாருக்குமேன்னு ஒரு வருஷமா தேடுறேன், ஒண்ணும் கெடைக்கல.”

நிழல் மறுபடி விலகி இடப்பக்கமே இருந்தது.

“கெடங்குகிட்ட உன்னத் தாண்டிப் போனப்ப உன் முகத்தப் பாத்தேன். நீ என்னைப் பாத்துச் சிரிச்சே. ‘போ, போ’ன்னு கையக் காட்டினே. நான் போய்ட்டேன். பதக்கத்தக் கடிச்சுக்கிட்டு படம் எடுத்தப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் கடிச்சேன்க்கா. சிரிச்சுக்கிட்டே கடிச்சேன்.”

அழுதேனா என்று கேட்டால் தெரியாது, அந்தக் காற்றில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும். “மாறுன்னு நான் சொல்ல மாட்டேன். கெடங்கு வரைக்கும் நான்தான். நீ பின்னாடி வந்தா வா, வராட்டி போ” என்று கத்தினேன். கெஞ்சலாகத் தொடங்கியது கடைசியில் சண்டையாகவே முடிந்தது.

கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு இடப்பக்கம் இருந்த நிழல் மெதுவாக நகர்ந்து வந்து என் நிழலுக்கு அடியில் நுழைந்தது. இரண்டு தோளும் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு தெரிந்தன. என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஆளா அவள்? ஆனால் கிடைத்த மறைவில் வந்தாள். அதன் பிறகு அவள் ஏதாவது பேசினாளா, திட்டினாளா, எனக்குத் தெரியாது. காதில் காற்று மட்டும் இரைந்தது.

ஆறு கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டரில்தான் அவள் போன வருடம் என்ன செய்தாள் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. ஒரு கை நெஞ்சில் வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நான்காவதில் தொடை இறுகிவிட்டது. ஐந்தாவதில் எண்ண முடியவில்லை. அவள் பதினொன்று ஓடியிருக்கிறாள்.

கிடங்குகளின் மறைவுக்கு வந்ததும் காற்று பட்டென்று நின்றது. எனக்குக் கால் மடங்கியது. அக்கா என்னைத் தாண்டிப் போனாள். போன வருடம் நான் அவளைத் தாண்டிய அதே இடம். நான் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன். அவள் பார்க்கவில்லை. வலது காலை இழுத்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தாள்.

நான் பாலத்தை அடைந்தபோது பதினொன்று மூன்று. தடுப்பு விழுந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரிகளுக்கு நடுவே சிறிதாக அவள் முதுகு தெரிந்தது. இரண்டு நிமிடம் மிச்சம் வைத்துத் தாண்டியதாகத் தடுப்புக்காரர் சொன்னார். “உங்க கூட வந்தவங்களா?” என்று கேட்டார். “எங்க அக்கா” என்றேன். பஸ்ஸில், பாதி வழியிலேயே ஓட்டத்தை விட்டு ஏறிக்கொண்ட வேன்காரரும் எக்ஸ்ரேக்காரரும் எனக்கு முன்பே போர்வைக்குள் இருந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும், நான் கிடங்கருகே தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒரு உயரமான ஆளின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிவிட்டாராம். அவருக்கென்று எங்கிருந்தாவது ஒரு முதுகு கிடைத்துவிடுகிறது.

அக்கா நடந்தும் நொண்டியும் கடைசி ஆட்களில் ஒருத்தியாகப் பந்தயத்தை முடித்தாள். வீட்டுக்கு வந்து பதக்கத்தை முழங்கால் படம் மாட்டிய ஆணியிலேயே மாட்டிவிட்டு, ஷூவைப் பரணில் போட்டாள். இதெல்லாம் மாமா ஏணியடியில் நின்று சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு உருளை சூடாகியிருந்தது. அக்கா முழங்காலில் பட்டையோடு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். முதல் விரிப்பை எடுத்தோம். மூலையோடு மூலை சேர்த்து நடந்து வந்தோம். இந்தத் தடவை அவள் என் நெற்றிக்கு மேலே பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அக்கா, நேத்து நான் சொன்னதெல்லாம்...”

என் கையிலிருந்து இரண்டு மூலைகளையும் வாங்கிக்கொண்டாள். நிதானமாக மடித்தாள். மடிப்பை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டாள்.

“என்ன சொன்னே?” என்றாள். “காத்துல ஒண்ணும் கேக்கல.”

பிறகு அடுத்த விரிப்பை எடுத்து, அதன் மறுமுனையை என் பக்கம் வீசினாள். பிடித்துக்கொண்டேன். இன்னும் ஐந்நூற்றுச் சொச்சம் இருந்தது.